நம் குளங்களுக்கு வரும் தாராக்கள்



திருகோணமலை என்றதும் வெளியூரார் நெஞ்சில் எழுவன இரண்டு. ஒன்று, கடலை நோக்கி நிற்கும் குன்றின்மீது அமைந்த கோணேசர் திருக்கோயில். மற்றொன்று, உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென மாலுமிகள் போற்றும் ஆழமான துறைமுகம். இவ்விரண்டும் நம் மாவட்டத்தின் பெருமைகளே. ஆயின் இவற்றோடு வைத்து எண்ணத்தக்க மூன்றாவது செல்வம் ஒன்றும் நமக்கு உண்டு. அது ஆழமில்லாத நீர். வடக்கே கொக்கிளாய்க் களப்பிலிருந்து தெற்கே வெருகலாறு வரையும், மேற்கே கந்தளாய்க் குளம் வரையும் முழங்காலளவும் இடுப்பளவுமாகப் பரந்து கிடக்கும் களப்புகளும் கழிகளும் குளங்களும் வில்லுகளுமே அச்செல்வம். அந்நீரை நம்பி வாழும் உயிர்களுள் தாரா, வாத்து, அன்னம் எனும் ஒரு குடும்பத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

முதலில் இப்பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பறவை நூலார் இம்மூன்றையும் ஒரே குடும்பத்தில் அடக்குவர். அக்குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 170 இனங்கள் உள. உடல் சிறிதாய், கழுத்துக் குறுகி, பெரும்பாலும் நீரிலேயே இரை தேடுவன தாராக்கள். அவற்றினும் பெரியனவாய், கால் நீண்டு, தரையில் நடந்து புல் மேய்வன வாத்துக்கள். யாவற்றினும் பெரியனவாய், நெடிய கழுத்தை உடையன அன்னங்கள். தமிழகத்தார் தாராவையும் வாத்து என்றே வழங்குவர். நம் நாட்டுப் பேச்சிலோ வீட்டு முற்றத்தில் வளரும் சிறிய பறவையைத் தாரா என்றும், உரத்துக் கத்தி ஆளை விரட்டும் பெரிய பறவையை வாத்து என்றும் பிரித்துச் சொல்லும் வழக்கம் உண்டு. அந்த வழக்கையே இங்கு நான் கைக்கொள்கின்றேன்.

இனி, இம்மூன்றுள் எவை நம் மாவட்டத்தில் உள? விடை சிலருக்கு ஏமாற்றம் தரலாம். அன்னம் இங்கில்லை. இலங்கையின் காட்டுப்பறவைப் பட்டியலிலேயே அன்னம் எனும் பெரும் பறவை இடம்பெறவில்லை. அது குளிர் நாட்டுப் பறவை. கடுங்குளிர் வாட்டும் ஆண்டுகளில் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கு எல்லை வரை ஒன்றிரண்டு வருவதுண்டு. அதற்குத் தெற்கே அது வருவதில்லை.

அவ்வாறாயின், நம் புலவர்கள் பாடிய அன்னம் எது? தமயந்தியிடம் நளனுக்காகத் தூது சென்ற அன்னம் எது? அநுராதபுரத்துச் சந்திரவட்டக் கற்களில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் அன்னம் எது? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பழைய நூல்களில் அம்சம் என்றும் அன்னம் என்றும் கூறப்படுவது, வடமலைகளுக்கு அப்பாலுள்ள ஏரிகளிலிருந்து பனிக்காலத்தில் தென்திசைக்கு வரும் வாத்தாகவே இருத்தல் வேண்டும் என அறிஞர் பலர் கருதுவர். தலையின் பின்புறத்தில் இரண்டு கரிய வரிகளை உடைய வரித்தலை வாத்து என்பதே அப்பறவை. திபெத்து, மொங்கோலியா முதலிய உயர்நில நாடுகளின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைக் கடந்து அது இந்தியாவுக்கு வருகின்றது. உடலில் சிறு கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, அவ்வாத்துக்களுள் சில 7,000 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் பறந்தமை அறியப்பட்டது. தமிழகத்தின் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை அது கூட்டமாக வருகின்றது. இலங்கையிலோ எப்போதாவது வழிதவறி வந்த சிலவே பதிவாகியுள்ளன.

புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலை விளித்துப் பேசுகின்றார். குமரித் துறையில் இரை உண்டு வடமலைக்கு மீளும் வழியில், உறையூரில் இருக்கும் கோப்பெருஞ்சோழனிடம் தம் பெயரைச் சொல்லுமாறு அப்பறவையை வேண்டுகின்றார். பாட்டின் சுவை ஒருபுறமிருக்க, அதனுள் பொதிந்த இயற்கை அறிவை நோக்குங்கள். தெற்கே பனிக்காலத்தைக் கழித்த பறவை பருவம் மாறியதும் வடக்கே மலைநாட்டுக்கு மீளும் என்பதைச் சங்ககாலத்தார் அறிந்திருந்தனர். அவர்கள் வானத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள்.

ஆகவே அன்னம் இல்லை, வாத்து அரிது. எஞ்சியிருப்பது தாரா. அதை எளிய பறவை என்று எண்ணி ஒதுக்கிவிடலாகாது. அன்னத்தின்மேல் ஏற்றிச் சொல்லப்பட்ட வியத்தகு ஆற்றல் ஒன்று உண்மையில் தாராவிடம் உண்டு. பாலையும் நீரையும் கலந்து வைத்தால் பாலை மட்டும் உண்டு நீரை ஒழிக்கும் அன்னம் என்பர். அது கற்பனை. ஆயினும் தாராவின் அலகை உற்றுநோக்குங்கள். அதன் ஓரங்களில் சீப்பின் பற்களைப்போல மெல்லிய தகடுகள் நெருங்கி நிற்கும். தாரா சேறும் நீரும் கலந்ததை வாய்கொள்ள எடுத்து, நாவினால் அழுத்தி, நீரை அத்தகடுகளின் இடைவெளி வழியே வெளியே தள்ளும். விதையும் புழுவும் சிறு நத்தையும் உள்ளே தங்கிவிடும். கரண்டிபோல அலகு அகன்ற தட்டை அலகுத் தாராவுக்கு இத்தகடுகள் ஏனைய தாராக்களுக்கு உள்ளவற்றினும் நெருக்கமானவை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களையும் அது வடித்து உண்ணவல்லது. நீரிலிருந்து உணவைப் பிரிக்கும் பறவையைக் காண வேண்டுமாயின், மார்கழி தை மாதங்களில் நம் களப்புக் கரைக்குச் சென்றாற் போதும்.

தாராவின் வாழ்வுக்கு அலகைப்போலவே இன்றியமையாதது அதன் சிறகு. வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்துச் சிறகெங்கும் பூசிக்கொள்வதால் நீர் உடலில் ஒட்டாது. கால்விரல்களை இணைக்கும் தோல் நீந்துவதற்குத் துடுப்பாகின்றது. இவ்வளவு கருவிகளோடு பிறந்திருந்தும் நம் தாராக்களிற் பெரும்பாலானவை ஆழ்ந்து மூழ்குவதில்லை. தலையை நீருக்குள் கவிழ்த்து, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் ஆழம் வரையே இரை தேடுகின்றன. சின்னஞ்சிறு தாராவுக்குச் சாண் ஆழமே எட்டும். கழுத்து நீண்ட ஊசிவால் தாராவுக்கு அதனினும் சற்று மிகுதி. தட்டை அலகுத் தாரா மேற்பரப்பையே வடித்து உண்ணும். ஒரே குளத்தில் மூன்றினங்கள் ஒன்றோடொன்று பூசலின்றி வாழ்வதன் காரணம் இதுவே. ஒவ்வொன்றும் தனக்கு எட்டிய ஆழத்தில் உண்கின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். கப்பலுக்கு ஆழம் வேண்டும். தாராவுக்கு ஆழம் ஆகாது. பெருங்கப்பல்கள் தங்கும் நம் துறைமுகத்தின் நடுவில் தாராக் கூட்டத்தை எவரும் காண்பதில்லை. அடியில் உள்ள இரை அவற்றுக்கு எட்டாது. அவற்றைக் காண வேண்டுமாயின் மூன்று வகையான நீரை நாடிச் செல்லல் வேண்டும்.

முதலாவது, களப்பும் கழியும். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிவந்து மூதூருக்கு அண்மையில் கொட்டியாரக் குடாவில் கலக்கின்றது. அதன் கிளையொன்று வெருகலாறாகத் தெற்கே கடலை அடைகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் உல்லைக்கழி முதலிய உவர்நீர்க் கழிகள் உள. மேற்கே தம்பலகாமக் குடா. வடக்கே நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையே சின்னக்கரைச்சி, பெரியகரைச்சி. அதற்கும் அப்பால் முல்லைத்தீவு மாவட்டத்தோடு நாம் பகிர்ந்துகொள்ளும் கொக்கிளாய். கொக்கிளாய்க் களப்பு 1951ஆம் ஆண்டிலேயே பறவைகளின் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இவ்விடங்களில் நீர்ப்பாசியும் சிற்றுயிரும் செழிக்கும். கரையில் நிற்கும் கண்டல் மரங்கள் அவற்றுக்கு வேலியாக அமையும்.

இரண்டாவது, குளம். இது மனிதன் ஆக்கிய நீர். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டு மன்னன் அமைத்தான் எனக் கோணேசர் கல்வெட்டு முதலிய நம் நூல்கள் கூறும். இரண்டாம் அக்கபோதி மன்னனோடு அதைத் தொடர்புபடுத்துவோரும் உளர். கட்டியவர் யாராயினும், அவர் கருதியது நெல்லை. ஆயினும் அணைக்குப் பின்னால் பரந்த நீரும், நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்று நிலமும், தாமரையும் அல்லியும் கோரையும் நீர்ப்பறவைகளுக்கும் வாழ்விடமாயின. வரண்ட வலயத்தில் கோடையிலும் நீர் தங்குவது பெரும்பாலும் இத்தகைய குளங்களினாலேயே. மனிதன் கைவைத்த இடமெல்லாம் இயற்கை அழியும் என்பது பொது விதியன்று என்பதற்கு நம் குளங்கள் தக்க சான்று.

மூன்றாவது, வில்லு. மகாவலியின் கீழ்ப்பகுதியில், சோமாவதியை அடுத்த தாழ்நிலங்களில், ஆறு பெருகும்போது வெள்ளம் பரந்து தேங்கும் ஆழமற்ற புல்வெளி ஏரிகளே வில்லுகள். வெள்ளம் வடியும்போது அவற்றில் புல் தழைக்கும், யானையும் மாடும் மேயும், தாராக்களும் திரளும். வில்லு உயிர்வாழ்வது ஆற்றின் வெள்ளத்தினால். 1977ஆம் ஆண்டுக்குப் பின் துரித மகாவலித் திட்டத்தின் கீழ் மேல்நாட்டில் பேரணைகள் எழுந்தன. அவற்றால் மின்னும் பாசனமும் பெற்றோம். ஆனால் வில்லுகளை நிரப்பிய பழைய வெள்ளப்பெருக்கு குறைந்தது. ஆற்றை அடக்கியபோது அதன் கரையையும் மாற்றிவிட்டோம் என்பதை மறத்தலாகாது.

இனி இந்நீர்நிலைகளில் வாழும் தாராக்களை இரு பிரிவாகக் காண்போம். ஆண்டு முழுதும் இங்கேயே வாழ்வன ஒருசார். பனிக்காலத்தில் விருந்தாக வருவன மற்றொருசார்.

உள்ளூர்த் தாராக்களுள் நாம் நன்கறிந்தது சிறகி. செம்பழுப்பு நிறமும் சற்றே நீண்ட கழுத்தும் கால்களும் உடையது. பறக்கும்போது இடைவிடாது சீழ்க்கை அடித்துச் செல்வதால் இரவிலும் அதை இனங்காணலாம். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே. பகற்பொழுதில் குளத்தின் நடுவிலோ களப்பிலோ கூட்டமாக இளைப்பாறி, அந்தி மயங்கியதும் வயல்களை நோக்கிப் பறக்கும். நீர்ப்பறவையாயினும் அது மரத்திலும் அமரும், மரப்பொந்துகளிலும் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் சிறகு முளைக்கும் முன்னரே பொந்திலிருந்து கீழே குதித்துத் தாயைப் பின்தொடர்ந்து நீரை அடையும். பஞ்சுபோன்ற அவற்றின் எடையற்ற உடலே வீழ்ச்சியின் தீங்கிலிருந்து அவற்றைக் காக்கின்றது.

அடுத்தது குள்ளத் தாரா. உலகின் மிகச் சிறிய தாரா இனங்களுள் இதுவும் ஒன்று. ஆண்பறவை வெண்மை மிகுந்து, கழுத்தில் கரும்பச்சை வளையம் அணிந்து, தாமரை இலைகளுக்கிடையே மிதக்கும்போது வெண்மலரோ என ஐயுறத் தோன்றும். நன்னீர்க் குளமே இதன் வீடு. இதுவும் மரப்பொந்தை நாடுவதே. எனவே குளக்கட்டிலும் குளக்கரையிலும் நிற்கும் பழைய மருதமரம் ஒன்றை வெட்டும்போது, விறகு மட்டும் விழுகின்றது என்று எண்ணற்க. ஒரு தாராவின் தொட்டிலும் அதனோடு விழக்கூடும்.

இதை வெறும் உருக்கத்தால் சொல்லவில்லை. மூக்கின்மேல் கரிய புடைப்பை உடைய பெரிய தாரா ஒன்று முன்னொரு காலத்தில் இலங்கைக் குளங்களில் குஞ்சு பொரித்து வாழ்ந்தது. பெரிய மரங்களின் பொந்தும் அமைதியான குளமும் அதற்கு வேண்டியிருந்தன. 20ஆம் நூற்றாண்டில் அது இங்கு இனம்பெருக்குவது நின்றுபோயிற்று. இன்று அது எப்போதாவது தென்படும் அரிய விருந்தாளியாகிவிட்டது. இருந்ததொன்று இல்லாமற்போக ஒரு மனித ஆயுளே போதும்.

இனி விருந்தினரைக் காண்போம். புரட்டாதி பிற்பகுதியிலிருந்து வடதிசைத் தாராக்கள் வரத் தொடங்கும். பங்குனி சித்திரையளவில் மீளும். அவை வருவது சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவின் புல்வெளி ஏரிகளிலிருந்தும். கசக்கஸ்தானின் வடபகுதியிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலும் நம் மாவட்டம் ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அங்கு ஏரிகள் உறைந்துவிடுவதால் உணவு எட்டாது. இங்கோ அப்போதுதான் வடகீழ்ப் பருவமழை பொழிந்து குளங்கள் நிறைகின்றன. அவர்கள் நாட்டில் நீர் கல்லாகும் காலமும் நம் நாட்டில் நீர் பெருகும் காலமும் ஒன்றாக அமைந்தமையே இவ்விருந்தின் காரணம். இலங்கைக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடலே. ஆகவே இவ்வழியே வரும் பறவைகளுக்கு நம் தீவே பயணத்தின் இறுதி எல்லை. இங்கு இடமில்லை என்றால் அவை அப்பாற்செல்ல வேறிடம் இல்லை.

வரும் இனங்களுள் மிகுதியாகக் காணப்படுவன நீலச்சிறகியும் ஊசிவால் தாராவும். நீலச்சிறகி சிறியது, முதிர்ந்த ஆணுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைக் கீற்றொன்று பிடரி வரை வளைந்து செல்லும். ஊசிவால் தாராவின் ஆணுக்குப் பழுப்புத் தலை, வெண்மையான கழுத்து, ஊசிபோல நீண்ட வால். தட்டை அலகுத் தாராவை அதன் அலகே காட்டிக்கொடுக்கும். நெற்றியில் வெளிர்மஞ்சள் நாமம் இட்டாற்போன்ற நாமத்தலைத் தாராவும் வருவதுண்டு. அது நீரில் மட்டுமன்றி, வாத்தைப்போலக் கரையேறிப் புல்லும் மேயும்.

ஐப்பசியில் தாராக்களைக் காணச் செல்வோர் குழப்பமடைதல் இயல்பு. நூலில் கண்ட வண்ணம் எதுவும் தென்படாது. எல்லாம் ஒரே மண்ணிறமாக இருக்கும். இதற்கொரு காரணம் உண்டு. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண்தாரா தன் அழகிய இறகுகளை உதிர்த்து, பெண்ணைப்போல மங்கிய உடை பூணும். அப்போது பறத்தற்குரிய பெருஞ்சிறகுகள் யாவும் ஒருங்கே உதிர்வதால் சில வாரங்கள் அது பறக்கவும் இயலாது. பகைவர் கண்ணிற் படாது நாணலுக்குள் மறைந்திருக்க அம்மங்கிய நிறமே துணை. சிறகு மீண்டும் வளர்ந்ததும் அந்த எளிய கோலத்திலேயே பலவும் நம்மிடம் வந்துவிடும். கார்த்திகை மார்கழியில் மெல்ல மெல்ல வண்ணம் ஏறும்.

அவ்வண்ணம் ஏறுவதும் வீணுக்கன்று. தாராக்களிற் பல இனங்கள் துணையைத் தேடிக்கொள்வது தாய்நாட்டில் அன்று. பனிக்காலத்தைக் கழிக்கும் நாட்டிலேயே. தை மாசி மாதங்களில் ஆண்தாராக்கள் தலையை ஆட்டியும் கழுத்தை நீட்டியும் பெண்ணைச் சூழ்ந்து வருவதை நம் குளக்கட்டில் நின்றே காணலாம். பின்னர் பெண்பறவை தான் பிறந்த பகுதியை நாடித் திரும்பும். ஆண் அதைப் பின்பற்றிச் செல்லும். சைபீரியச் சதுப்பு நிலத்தில் ஆனியில் பொரிக்கும் குஞ்சின் பெற்றோர் ஒருவரையொருவர் கண்டது நம் நாட்டுக் குளமொன்றில் ஆகலாம். அவ்விணையுள் ஒன்றை இங்கு வீழ்த்துவது அங்கே ஒரு கூட்டை வெறுமையாக்குவதாகும்.

இச்செய்திகள் எவ்வாறு அறியப்பட்டன என்று நீங்கள் வினவலாம். பறவைகளைப் பொறுமையோடு நோக்கிக் குறித்தோரின் உழைப்பே காரணம். அவ்வரிசையில் திருகோணமலைக்கும் ஓர் இடமுண்டு. தஸ்மேனியாவில் பிறந்த வில்லியம் வின்சன்ற் லெக் என்பார் ஆங்கிலேயப் பீரங்கிப் படையின் அதிகாரியாக இலங்கைக்கு வந்து, திருகோணமலையிலும் பணியாற்றினார். ஓய்வுப் பொழுதெல்லாம் காட்டிலும் களப்பிலும் அலைந்து அவர் திரட்டிய குறிப்புகள், 1878ஆம் ஆண்டு முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இலங்கைப் பறவைகளின் வரலாறு எனும் பெருநூலாயின. 1955இல் ஜீ. எம். ஹென்றி எழுதிய வழிகாட்டி நூல் அவ்வறிவைப் பொதுமக்கள் கைக்கெட்டச் செய்தது. இந்தியாவில் பரத்பூர் முதலிய இடங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் தாராக்களின் காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி விட்டனர். அவ்வளையங்கள் மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் மீளக் கிடைத்தபோது, வானத்துப் பாதை நிலப்படத்தில் கோடாக எழுந்தது.

இனி ஒரு வழக்கை நடுவுநிலையோடு ஆராய்வோம். கமக்காரர் சிலர் தாராவின்மீது குற்றஞ்சாட்டுவர். விதைத்த நெல்லைச் சிறகி உண்கின்றது, முளைத்த பயிரை மிதிக்கின்றது என்பர். அதை முற்றாக மறுத்தல் முறையன்று. பெரும்போக விதைப்பின்போது நீர் தேங்கிய வயலில் இரவில் கூட்டமாக இறங்கும் சிறகிகளால் இழப்பு நேர்வதுண்டு. கடன்பட்டு விதைத்தவனுக்கு அவ்விழப்புச் சிறிதன்று. ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் காட்டல் வேண்டும். அதே பறவை களைவிதைகளையும் நத்தைகளையும் பூச்சிகளையும் உண்கின்றது. அறுவடைக்குப் பின் வயலில் சிந்திய நெல்லையே வடதிசைத் தாராக்களும் பெரிதும் நாடுகின்றன. அது எவருக்கும் பயன்படாது போகும் நெல். இழப்பு நேர்வது விதைப்பை அடுத்த சில நாட்களிலேயே. அந்நாட்களில் வயலின் நீரை வடித்து வைப்பதும், அயலவர் ஒன்றுகூடி ஒரே காலத்தில் விதைப்பதும், இரவில் காவல் இருந்து ஓசையெழுப்பி விரட்டுவதும் போதிய பயன் தரும். நஞ்சு கலந்த நெல்லை வைப்போர் தாராவை மட்டும் கொல்வதில்லை. கோழியையும் நாயையும் குளத்து மீனையும் ஈற்றில் மனிதரையும் ஆபத்துக்குள்ளாக்குகின்றனர்.

துவக்கின் கதையும் இவ்வாறே. முற்காலத்தில் தாரா வேட்டை பெருமக்களின் பொழுதுபோக்காகக் கொண்டாடப்பட்டது. இன்று அந்நிலை இல்லை. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இப்பறவைகளுக்குக் காவலாக உள்ளன. ஆனால் துவக்கு ஓய்ந்த இடத்தில் வேறு பகைகள் தோன்றிவிட்டன. குளத்தில் இரவு முழுதும் விரித்து வைக்கும் நைலோன் வலைகளில் மீனோடு தாராவும் சிக்கி மூச்சிழக்கின்றது. கண்டல் காடுகள் விறகுக்கும் நிலத்துக்குமாக வெட்டப்படுகின்றன. களப்புக் கரைகள் மண் நிரப்பி மேடாக்கப்படுகின்றன. குப்பை கொட்டும் இடமாகவே சதுப்பு நிலம் பலர் கண்ணுக்குத் தோன்றுகின்றது.

ஓசையின்றி வரும் பகையும் ஒன்றுண்டு. ஆகாயத்தாமரை நம் நாட்டுக்கு அழகுச் செடியாக வந்தது. அதைக் கட்டுப்படுத்த 1909ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. சல்வீனியா எனும் மிதக்கும் களை 1939இல் கல்வி ஆய்வுக்கெனக் கொண்டுவரப்பட்டு, பின்னர் கட்டுமீறிப் பரவியது. இவை குளத்தின் முகத்தைப் பாய்போல மூடிவிட்டால் நீருக்குள் ஒளி புகாது, அடித்தாவரம் மடியும், மீன் மூச்சுத் திணறும், தாரா இறங்க இடமிராது. தாமரையும் அல்லியும் இடையிடையே நீரை விட்டு வளர்வன. அவை தாராவுக்குத் துணை. இடைவெளியே விடாது மூடும் களைதான் கேடு. இவ்வேறுபாட்டை அறிந்து களைபிடுங்கும் குளமே மீனவனுக்கும் கமக்காரனுக்கும் பறவைக்கும் ஒருங்கே பயன்படும்.

இங்குதான் தாரா நமக்குச் சொல்லும் செய்தி விளங்குகின்றது. தாரா வருவது குளத்தின் நலத்துக்குச் சான்று. நீர் நஞ்சாகாமல், அடி தூர்ந்து மேடாகாமல், களை மூடாமல், கரையில் மரமும் கோரையும் நிற்க இருக்கும் குளத்தையே அது தேர்ந்தெடுக்கின்றது. அத்தகைய குளமே நமக்கும் வேண்டும். ஒரு குளத்துக்கு ஆண்டுதோறும் வந்த தாராக்கள் திடீரென வராதொழிந்தால், பறவைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதோடு அமையாது, குளத்துக்கு என்ன நேர்ந்தது என்றும் நாம் கேட்டல் வேண்டும்.

இதற்கு நாம் செய்யக்கூடியது யாது? எண்ணுவதே முதற்பணி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தை ஒட்டிப் பல நாடுகளில் ஒருங்கே நடைபெறுகின்றது. நம் மாவட்டத்துப் பாடசாலைகள் ஒவ்வொன்றும் தத்தம் ஊர்க் குளத்தை அல்லது களப்பை ஏற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் அதே காலத்தில், அதே இடத்தில் நின்று எண்ணிக் குறித்து வைக்கலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை. ஓர் இணை தொலைநோக்கிக் கண்ணாடியும், ஒரு குறிப்பேடும், காலையில் எழும் பழக்கமும் போதும். முதலில் தாரா அல்லாதவற்றை நீக்கப் பழகுதல் வேண்டும். வெண்ணிற அலகும் நெற்றியும் உடைய கரிய நாமக்கோழி தாரா அன்று. உடல் நீருள் அமிழக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் நீர்க்காகம் தாரா அன்று. கணத்தில் மூழ்கி வேறிடத்தில் எழும் முக்குளிப்பானும் தாரா அன்று. தட்டையான அலகும் கூட்டமாக மிதக்கும் இயல்புமே தாராவின் அடையாளம். கூட்டம் பெரிதாயின் பத்துப் பறவை எவ்வளவு இடம் கொள்கின்றது என்று கண்ணால் அளந்து, அவ்வளவை மேலும் மேலும் வைத்து மதிப்பிடலாம். இறந்து கிடக்கும் பறவைகளைக் கையால் தொடாது வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தல் நன்று.

இலங்கையில் ஆறு ஈரநிலங்கள் 1971ஆம் ஆண்டின் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் பெற்றவையாக ஏற்கப்பட்டுள்ளன. மன்னார் மாவட்டத்தின் வங்காலை அவற்றுள் ஒன்று. திருகோணமலை மாவட்டத்தின் களப்போ குளமோ அவ்வரிசையில் இல்லை. அத்தகைய தகுதியைக் கோருவோர் முதலில் காட்ட வேண்டியது ஆண்டாண்டாகத் திரட்டிய எண்ணிக்கையே. பத்தாண்டுக் கணக்கு ஒன்று நம் கையில் இருந்தால், களப்பை மண்ணால் நிரப்ப வருவோரிடம் இது வெறும் சேற்று நிலமன்று என்று சான்றோடு சொல்லலாம். சான்றில்லாத அன்பு சபையில் எடுபடாது.

குளக்கட்டில் வேலை செய்யும் கமக்காரர் அமைப்பினருக்கும் ஒரு வேண்டுகோள். கட்டைப் பலப்படுத்துவது இன்றியமையாத பணி. 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரை இம்மாவட்டம் மறவாது. அணையின் உறுதிக்கு ஊறு செய்யும் மரத்தை அகற்றுக. அதில் எவருக்கும் மறுப்பில்லை. ஆனால் கட்டுக்கு அப்பால், நீர்பிடிக்கும் கரையில், தீங்கின்றி நிற்கும் மருதையும் புளியையும் விட்டுவைக்கலாமன்றோ? அவற்றின் வேர் மண்ணைப் பிடித்து வைத்துக் குளம் தூர்வதைத் தடுக்கின்றது. அவற்றின் பொந்து சிறகிக்கும் குள்ளத் தாராவுக்கும் மனையாகின்றது.

நேயர்களே, வருகின்ற மாரியில் குளம் நிறைந்து வான் பாயும்போது ஒரு மாலை குளக்கட்டுக்குச் செல்லுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சூரியன் மறைந்ததும் சீழ்க்கை ஒலி எழும். சிறகிகள் வரிசையாக வயலை நோக்கிப் பறக்கும். அவற்றினிடையே சீழ்க்கை அடியாமல் விரைந்து செல்லும் கூட்டம் ஒன்றிருந்தால், அது கடல்போன்ற தொலைவைக் கடந்து நம்மை நம்பி வந்த விருந்தென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வந்தாரை வரவேற்று உண்பித்து அனுப்புதல் தமிழர் இல்லத்து வழக்கம். நீரும் சிறிது அமைதியுமே இவ்விருந்து நம்மிடம் வேண்டுவது.